ஒரே நேரத்தில் இரண்டு ஆர்டர்

சாந்தாமணி அந்த மோட்டார் கம்பெனியில் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி, போர்வெல் மோட்டார் செய்கிற நடுத்தரமான கம்பெனி. காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருந்த பொங்கியண்ணனின் ஒரே மகள். பி.எஸ்ஸி. கணிதம் படித்திருந்தாள். ஜாதகம் ஒன்றும் அமையாமல் தள்ளிக்கொண்டே போனதால், "கல்யாணம் ஆகற வரைக்கும் போயிட்டு வரட்டும்" என்று அப்பா வேலைக்கு அனுப்பினார். போன இடத்தில் அவளுக்கு ஜாதகத்தைவிட கம்ப்யூட்டர் நன்றாகப் பொருந்திப் போயிற்று.

ஸ்டோர்ஸில் தூசி மூடிக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து, ஃபாக்ஸ்புரோ என்கிற புரோகிராம் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டு, சரக்கு இருப்பையும் சம்பளக் கணக்கையும் அதில் ஏற்றினாள். முதலாளி சென்னகிருஷ்ணனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கம்பெனிக்கு யார் வந்தாலும் அவள் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "நம்ம அம்மணி போட்ட புரோகிராமுங்க. வெளியாளு யாரும் தொடலை" என்பார்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் அவர் மெட்ராஸில் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து அவளைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இனி இந்த ஃபாக்ஸ்புரோ எல்லாம் ஆகாதுங்கறாங்க. ஜாவாவாமா. இன்டர்நெட் பார்க்கற அந்த நெட்ஸ்கேப்பைத் திறந்தா போதும், நாலு பேரு நாலு மேசையில உக்காந்து ஒரே புரோகிராமை ஓட்டலாமாமா. நம்ம டீலர் ஆர்டரை அப்படிப் போட முடியுமா?"

"கத்துக்கிட்டா போட்டுரலாமுங்க."

"அப்ப கத்துக்க. சாயந்தரம் அஞ்சு மணிக்கே கெளம்பிக்க."

அப்படித்தான் அவள் காந்திபுரத்துக்குப் போக ஆரம்பித்தாள். டவுன் பஸ்ஸில் துடியலூர், கவுண்டம்பாளையம் தாண்டி நின்றுகொண்டே போய் இறங்கினால், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் முதல் மாடியில் வகுப்பு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போகவேண்டும். ஏ.சி.யில் வெறுங்கால் சில்லிட்டுப் போகும். கூடப் படித்தவர்கள் எல்லாரும் என்ஜினியரிங் முடித்த கையோடு அமெரிக்கா போகக் காத்திருந்தவர்கள். சொல்லிக்கொடுத்த நாகூர் மீரானுக்கே அவளைவிட வயது குறைவு. அவன் அவளை மேடம் என்பான், அவள் அவனை சார் என்பாள்.

பாடப் புத்தகத்தை அவன் அதிகம் திறக்கவில்லை. முதல் நாளே ஒரு மாதிரிப் புரோகிராமை எல்லாருக்கும் ஃபிளாப்பியில் கொடுத்துவிட்டான். இல்லாத ஒரு புத்தகக் கடை. பேரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனால் புத்தகங்களின் வரிசை வரும். வேண்டியதைத் தட்டினால் கூடையில் விழும். கடைசியில் பில். "இது மொத்தமும் ஓடுது. இதைப் பிரிச்சுப் போட்டு, திருப்பி மாட்டுங்க. எது எதுக்குன்னு தன்னால தெரிஞ்சுரும்" என்றான்.

சாந்தாமணிக்கு அந்த வழி பிடித்துப்போயிற்று. ஒரு வரியை அழித்துவிட்டு என்ன உடைகிறது என்று பார்ப்பாள். கூடையில் புத்தகம் விழாது. அழித்ததைத் திரும்ப எழுதுவாள், விழும். பொங்கலுக்குள் அந்தக் கடையில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பது அவளுக்கு அத்துபடி. பிறகு புத்தகங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோட்டார்களை வைத்தாள். வாடிக்கையாளர் இருந்த இடத்தில் திண்டுக்கல் டீலர், தர்மபுரி டீலர், தாராபுரம் டீலர் என்று வந்தார்கள். பில் அடிக்கிற இடத்தில், குடோனில் இருக்கிற பிரிண்டரில் பார்சல் சீட்டு அடிக்கும்படி செய்தாள். எந்த டீலருக்கு, எந்த மோட்டார், எந்த லாரி ஆபீஸ் என்பதெல்லாம் அதில் வரும். குடோன்காரர் அதை மரப்பெட்டியில் ஒட்டி அனுப்பவேண்டியதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மாதிரியை விட்டு விலகினாள். யார் ஆர்டர் கொடுக்கிறார்களோ அவர்களுடைய விவரத்தைத் தனித்தனியாக, செஷன் என்கிற ஆளுக்கொரு தனி இடத்தில் வைக்கவேண்டும் என்று மாதிரியில் இருந்தது. அதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து வரி கூடுதலாக எழுதவேண்டும். அவள் டீலர் பேரைப் புரோகிராமின் தலையில் பொதுவாக ஒரே இடத்தில் வைத்துவிட்டாள். வேலை சுருக்கமாக முடிந்தது.

நாகூர் மீரான் பார்த்துவிட்டுச் சொன்னான். "மேடம், இது வேண்டாம். ஆர்டரை வாங்கிப் பதியற இந்த ஸர்வ்லெட்டுங்கறது ஆளுக்கு ஒண்ணு கிடையாது. எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணுதான். பொது இடத்துல வெச்சா அடுத்தவங்க பேரு வந்து உக்காந்துக்கும்."

"எங்க ஆபீசுல நான் ஒருத்திதானுங்க சார் அடிக்கப்போறேன்."

"ஒருத்தர்னா ஒண்ணும் ஆகாது. ஆனாலும் மாத்திருங்க."

மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் மாசி பிறந்து, சீசனுக்கு முன்னால் புரோகிராம் ஓடவேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். ஓடியது. ஒரு தவறு இல்லாமல் ஓடியது. சென்னகிருஷ்ணன் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடம் வெயில் கொடுமையாக இருந்தது. கிணறுகள் வற்றி, போர் போடும் லாரிகள் ராப்பகலாக ஓடின. சித்திரையில் டெலிபோன் ஓயவில்லை. அவள் ஒருத்தியால் முடியாமல், அக்கவுண்ட்ஸிலிருந்து இரண்டு பேரைக் கூட உட்காரவைத்தார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டரை இணைத்து, எப்படி அடிப்பது என்று சொல்லிக் கொடுத்ததும் சாந்தாமணிதான். நாகூர் மீரான் சொன்னது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

கொஞ்ச நாளில் புகார் வர ஆரம்பித்தது. திண்டுக்கல்லுக்குப் போகவேண்டிய மோட்டார் தர்மபுரியில் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் தாராபுரத்துப் பெட்டி சேலத்துக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது, ஆர்டர் போட்டவர் பேரும் போகவேண்டிய ஊரும். சீட்டை மறுபடி அடித்துப் பார்த்தால் அதுவும் சரியாகவே வந்தது. பெட்டியில் ஒட்டிய சீட்டு பெட்டியோடு போய்க் கிழிந்து குப்பைக்கும் போயிருந்தது. அப்படியானால் தப்பு எங்கே நடந்திருக்கும்? குடோனில்தான்.

குடோனைப் பார்த்துக்கொண்டவர் ராசப்பன். ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனி ஒரு ஷெட்டாக இருந்த காலத்திலேயே வந்தவர். பேச்சு குறைவு. டீ குடிக்கப் போகும்போது சாந்தாமணியின் மேசையருகே நின்று, "என்னம்மணி, பொட்டி வேலை செய்யுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் பெட்டி என்றது கம்ப்யூட்டரை.

தாராபுரத்து டீலர் நேரிலேயே வந்து சத்தம் போட்டார். வாழைத்தார் தள்ளுகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் ஒரு தோட்டமே சாய்ந்துவிட்டது என்றார். சென்னகிருஷ்ணன் ராசப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சீட்டுல சேலம்னுதானுங்க போட்டிருந்துச்சு. நான் படிச்சுத்தானுங்க ஒட்டினேன்" என்றார் ராசப்பன்.

முதலாளி சாந்தாமணியைப் பார்த்தார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். தாராபுரம் என்று இருந்தது.

"இதுல தாராபுரம்னுதானுங்ணா இருக்குது" என்றாள்.

ராசப்பன் குனிந்து திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்படித்தான் இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட பிறகும் இரண்டு பெட்டிகள் மாறிப் போயின. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. வைகாசிக் கடைசியில் ஒரு காலை அவரே குடோன் சாவியைக் கொண்டுவந்து முதலாளி மேசைமேல் வைத்தார். "என்னமோ தலையில கோளாறுங்க. வேற யாராச்சும் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மனைவி ஊரான அந்தியூருக்குப் போய்விட்டார்.

அதே வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஆர்டர் குறைந்தது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் தங்கள் மேசைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூட மாறவில்லை. "பாத்தியா, அவரு போனதும் நின்னுபோச்சு. பாவம், வயசாயிருச்சு" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சாந்தாமணியும் அப்படித்தான் சொன்னாள்.

ஆனி மாதம் வகுப்பின் இரண்டாம் பாகம் தொடங்கியது. அதே புத்தகக் கடையை, ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வந்தாலும் தாங்கும்படி எடுத்துக் கட்டுவது. எண்டர்பிரைஸ் ஜாவா என்று பலகையில் எழுதிவிட்டு நாகூர் மீரான் இரண்டு பையன்களை இரண்டு கம்ப்யூட்டரில் உட்காரவைத்தான்.

"வேணும்னே ஒரு தப்பைப் பண்ணி வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பில்லைத் தட்டுங்க."

தட்டினார்கள். ஒருவனுடைய பில்லில் மற்றவன் பேர் வந்தது. வகுப்பே சிரித்தது.

"ஓட்டல்ல ஒரே சர்வர், நாலு டேபிள்" என்றான் நாகூர் மீரான். "எழுதிக்காம கடைசியா யாரு சொன்னாங்களோ அவங்களை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா என்ன ஆகும்? அந்தத் தோசை இந்த டேபிளுக்கு வந்துரும். ஒரே ஒரு ஆள் சாப்பிட வந்தா இந்தத் தப்பு வெளியவே தெரியாது. கூட்டம் வந்தாத்தான் தெரியும். அதுவும் எப்பவும் தெரியாது, எப்பவாச்சும்தான்."

சாந்தாமணிக்கு முதலில் குடோன் பிரிண்டர்தான் நினைவுக்கு வந்தது. ஆர்டரைப் பதியும்போது சரியான பேர் பதிந்துவிடும். பிறகு சீட்டு அடிக்கும்போது, அவள் பொதுவில் வைத்த அந்த இடத்தில் யார் பேர் இருக்கிறதோ அது போகும். இடைப்பட்ட அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் பக்கத்து மேசையில் இன்னொருவர் ஆர்டரைத் தட்டியிருந்தால், சீட்டில் அவருடைய டீலர் பேர் வரும். திரையில் தாராபுரம். சீட்டில் சேலம். ராசப்பன் படித்தது சேலம்தான்.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் வேறு யாரும் வருவதற்குள் இரண்டு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து குடோனுக்குப் போய்ச் சீட்டைப் பார்த்தாள். பல தடவை சரியாக வந்தது. பிறகு ஒரு தடவை பேர் மாறி வந்தது. அந்தச் சீட்டைப் பிரிண்டரிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். நாலைந்து வரி எழுதியதும் தப்பு போய்விட்டது. டீ வருவதற்குள் முடிந்துபோன வேலை. அதுதான் அவளை மிகவும் வாட்டியது. பெரிய சிக்கலாக இருந்திருந்தால்கூடத் தெரியாமல் போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது அவளுக்கு முன்பே சொல்லப்பட்ட விஷயம்.

உடனே யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனாள். சாப்பாடு இறங்கவில்லை. பொங்கியண்ணன், "படிச்சது போதும், ஒடம்பு போவுது" என்றார். குடோன் பக்கம் போவதைத் தவிர்த்தாள். ஆடி பிறந்தது. அதற்குமேல் தாங்க முடியாமல் ஒருநாள் முதலாளி அறைக்குள் போய்க் கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

சென்னகிருஷ்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "இப்ப சரி பண்ணியாச்சா?" என்றார்.

"பண்ணியாச்சுங்க."

"அப்ப விடு. இந்த வாரம் ரெண்டு மில்லுக்காரங்க நம்ம புரோகிராமைப் பார்க்க வாராங்க. இந்த நேரத்துல கம்ப்யூட்டர் தப்புன்னு வெளிய போனா நல்லாயிருக்காது. ராசப்பனை நான் கூப்புட்டுக்கறேன். காரணமெல்லாம் எதுக்கு? வரச்சொன்னா வந்துருவாரு."

அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. தான் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, மற்றது அவர் பொறுப்பு. ஆனால் ராசப்பனைக் கூட்டிவர முதலாளி அந்தியூருக்கு அனுப்பிய ஆள் தனியாகத்தான் திரும்பி வந்தான். ராசப்பன் வரமாட்டேன் என்றுவிட்டாராம். இன்னொரு முறை பெட்டி மாறினால் யாராவது ஒருவருடைய வெள்ளாமை போய்விடும், என்னால் முடியாது என்றாராம்.

அடுத்த ஞாயிறு அவள் முதலாளியிடம் கேட்காமலே காந்திபுரத்தில் பஸ் ஏறினாள். சத்தியமங்கலம், கோபி வழியாக அந்தியூர். அங்கே ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக் கூட்டம். பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. குதிரைகளும் மாடுகளும் நின்ற இடத்தைக் கடந்து, விசாரித்து விசாரித்து, ராசப்பனின் மச்சான் போட்டிருந்த கயிற்றுக்கடையைக் கண்டுபிடித்தாள். கழுத்துமணியும் தலைக்கயிறும் தொங்கிய கூரைக்கடியில் ராசப்பன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"அடடே, அம்மணி! சந்தைக்கா வந்தே? மயிலாத்தா, இங்க பாரு யாரு வந்திருக்காங்கன்னு!"

அவர் மனைவி மயிலாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சாந்தாமணி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"அண்ணா, அந்தச் சீட்டுல சேலம்னுதானுங்ணா போட்டிருந்துச்சு" என்றாள்.

ராசப்பனுக்குப் புரியவில்லை. அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் அடித்தது, பொது இடத்தில் பேரை வைத்தது, வேண்டாம் என்று ஒருவர் சொல்லியும் கேட்காதது எல்லாவற்றையும். ராசப்பன் ஒரு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். மயிலாத்தாளுக்குத்தான் முதலில் விளங்கியது.

"அப்ப இவருமேல தப்பே இல்லீங்களா?"

"இல்லீங்க்கா. எல்லாம் என்னோட தப்புங்க."

"ஏனுங்க அம்மணி, இந்த மனுசன் என்ன பாடு பட்டாருன்னு தெரியுமா உங்களுக்கு? பஸ்சு போர்டைப் படிச்சுப்போட்டு, என்கிட்ட ஒருக்கா கேட்டுப்போட்டுத்தான் ஏறுவாரு. மாத்திரைச் சீட்டுல பேரு படிக்கமாட்டாரு. தலையில கட்டி இருக்குதோன்னு நான் கும்பிடாத சாமியில்ல."

"இரு, மயிலா" என்றார் ராசப்பன். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தானுங்ணா இருந்துச்சு."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாரு, நான் படிச்சேன்னு அன்னைக்கே சொன்னேனில்ல" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு சாந்தாமணி பக்கம் திரும்பி, கோபமில்லாமல், சும்மா தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டார்.

"இது எப்ப அம்மணி உனக்குத் தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஆனியிலேயே தெரியுமுங்ணா. சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு."

ராசப்பன் தலையாட்டினார். "போன வாரந்தான் மொபெட்டை மச்சானுக்குக் குடுத்துப்போட்டேன்" என்றார். "கண்ணு நிதானமில்லாதவன் வண்டி ஓட்டி யாரு மேலயாச்சும் ஏத்திப்போட்டா? அதான். கொஞ்சம் வெள்ளெனவே, ஆனியிலயே வந்திருக்கலாம் அம்மணி."

அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மயிலாத்தாளே இலை போட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சாந்தாமணி தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் குடோன் வாசலில் நின்று, அங்கிருந்த எல்லாரிடமும் அவள் விஷயத்தைச் சொன்னாள். சென்னகிருஷ்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார், தடுக்கவில்லை. அன்று மதியம் அவரே தாராபுரத்து டீலருக்குப் போன் போட்டு, "தப்பு எங்க ஆபீசுலதானுங்க, ராசப்பன் மேல இல்லீங்க" என்றார். மற்றவர்கள், "அட, கம்ப்யூட்டரும் தப்புப் பண்ணுமா?" என்று சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்கள். யாராவது நன்றாக நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

புரட்டாசியில் ராசப்பன் திரும்பி வந்தார். முதலாளியே கார் அனுப்பியிருந்தார். பழைய வேலை, பழைய இடம். ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. சீட்டைக் கிழித்ததும் பக்கத்தில் நிற்பவனிடம் நீட்டி, "இது என்ன ஊருன்னு பாரப்பா" என்பார். அவன் திண்டுக்கல் என்று சொன்ன பிறகுதான் பசையைத் தொடுவார். கண் நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார். சாந்தாமணி எழுத்தைப் பெரிதாக்கினாள், ஊர்ப் பேரைத் தனி வரியில் போட்டாள், கம்பெனியிலேயே இருக்கும்படி இன்னொரு பிரதியும் அடிக்கவைத்தாள். அவர் கேட்பது நிற்கவில்லை.

கார்த்திகையில் வகுப்பு முடிந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது என்று நாகூர் மீரான் அவள் பேரையும் கொடுத்திருந்தான். அவள் போனாள். எதிரில் இருந்த இருவரும் நாலைந்து கேள்வி கேட்டார்கள். பிறகு ஒருவர், "நீங்க செஞ்ச புராஜெக்ட்ல ரொம்பச் சிரமப்பட்டுக் கண்டுபிடிச்ச பிழை எது?" என்றார்.

அவள் மோட்டார் ஆர்டரைப் பற்றிச் சொன்னாள். ஸர்வ்லெட் ஒன்றுதான், ஆட்கள் பலர் என்பது, பதிவில் சரியான பேரும் சீட்டில் தவறான பேரும் எப்படி வந்தன என்பது, இரண்டு கம்ப்யூட்டரை வைத்து அதை எப்படிப் பிடித்தாள் என்பது. அவர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள். ஒருவர் முன்னால் சாய்ந்து, "வெரிகுட்" என்றார். ராசப்பனைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

மார்கழியில் கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாகக் குடோனுக்குப் போனாள். ராசப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பெங்களூராமா! நல்லாயிரு கண்ணு. நம்ம பொட்டியில பழகினது வீண் போகலை பாரு" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "எப்படிப் புடிச்சே இந்த வேலையை? ரொம்பக் கேள்வி கேட்டாங்களா?"

"கொஞ்சம் கேட்டாங்கங்ணா" என்றாள் சாந்தாமணி. "தெரிஞ்சதைச் சொன்னேன்."

என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. வெளியே லாரி வந்து நின்றது. அவர் உள்ளே திரும்பினார். அவள் வாசலில் விட்டிருந்த பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.